கோட்டுப் போட்டுக்கொண்டு கடற்கரையில் உட்காருகிறவர்கள்

மான்செஸ்டரில் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். ஜூலை மாதத்தில் அறை நண்பர்களோடு பிளாக்பூல் என்ற கடற்கரை ஊருக்குப் போனாராம். காற்று ஆளைத் தள்ளியது, தூறல் விட்டபாடில்லை, கடலில் கால் வைத்தால் விறைத்தது. ஆனாலும் மணல் முழுவதும் குடும்பம் குடும்பமாக ஆட்கள், கோட்டுப் போட்டுக்கொண்டு, கோடு போட்ட துணித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். சில மணி நேர விமானப் பயணத்தில் ஸ்பெயின் வெயில் கிடைக்கும்போது இவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள், இது வெறும் பழக்கதோஷம்தானா என்பது அவர் கேள்வி.

இந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கடற்கரை விடுமுறை என்றால் வெயில், வெதுவெதுப்பான நீர், நீச்சல் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பிரிட்டனில் அது அப்படித் தொடங்கவில்லை. வெயில் இந்தக் கதையில் கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளி. முதலில் வந்தது குளிர். என்னைப் பற்றி ஒரு வார்த்தை: லங்காஷயரின் பழைய பஞ்சாலை ஊர் ஒன்றில் ஆவணக் காப்பகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே பிளாக்பூல், மோர்கம், சவுத்போர்ட் என்ற வடமேற்குக் கரை ஊர்களைப் பற்றிச் சொல்வது கையால் தொட்டுப் பார்த்த காகிதங்களிலிருந்து வருகிறது. தெற்குக் கரை எனக்குப் படிப்பறிவு. கார்ன்வால், வேல்ஸ் பக்கம் போனால் என் பேச்சைப் பாதிதான் நம்ப வேண்டும்.

யார்க்‌ஷயரில் ஸ்கார்பரோ என்ற ஊரில், 1620-களில், கடலோரப் பாறையடியில் ஓர் ஊற்று நீர் நோய்களுக்கு நல்லது என்று பேச்சுக் கிளம்பியது. குடிக்க வந்தவர்கள் பக்கத்தில் இருந்த கடலிலும் இறங்கத் தொடங்கினார்கள். 1735-இல் வரையப்பட்ட ஸ்கார்பரோ சித்திரம் ஒன்றில், சக்கரம் வைத்த மரக்கூண்டு கரையோரம் நிற்பதைப் பார்க்கலாம். 1750-இல் லூயிஸ் என்ற ஊரின் மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று லத்தீனில் ஓர் ஆய்வு நூல் எழுதினார். குளிப்பதற்கு மட்டுமல்ல, குடிப்பதற்கும். சில ஆண்டுகளில் தெற்குக் கரையில் உள்ள பிரைட்டனில் கடலைப் பார்த்தபடி வீடு கட்டி அங்கேயே வைத்தியம் பார்த்தார். சுற்றுலாப் பிரசுரங்கள் ரஸ்ஸலைக் கடற்குளியலைக் கண்டுபிடித்தவர் ஆக்கிவிடும். அது சரியில்லை, ஸ்கார்பரோ சித்திரம் அவரை முந்திக்கொள்கிறது. ஏற்கெனவே இருந்த வழக்கத்துக்கு அவர் மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தக் குளியல் எப்படி நடந்தது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். நோயாளி தெருவில் அணியும் உடையோடு ஜன்னல் இல்லாத மரவண்டிக்குள் ஏறுவார். குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகும். உள்ளே இருட்டில், ஆட்டத்தில், ஈர மரவாடையில் உடை மாற்ற வேண்டும். கதவைத் திறந்தால் இடுப்பளவு நீரில் ஒரு பெண்மணி காத்திருப்பார். அவர் உங்களைப் பிடித்து, கேட்காமல், தலை உள்ளே போகும்படி முக்கி எடுப்பார். அதுதான் அவர் தொழில். பிரைட்டனில் இந்த வேலை பார்த்த மார்த்தா கன் ஊரறிந்த ஆளுமையாகவே ஆகிவிட்டார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 1789-இல் தெற்குக் கரை ஊரான வேமத்தில் நீரில் முங்கியபோது, பக்கத்து வண்டிக்குள் இருந்த இசைக்குழு மன்னரை வாழ்த்தும் பாடலை வாசித்ததாக அவருடன் போயிருந்த எழுத்தாளர் ஃபேனி பர்னி எழுதியிருக்கிறார். குளிர்ந்த நீர் தந்த அதிர்ச்சிதான் மருந்து. இதமான நீர் கிடைத்திருந்தால் அந்த வைத்தியர்கள் ஏமாந்து போயிருப்பார்கள்.

பிரைட்டன் பேச்சு வந்ததால் ஒரு பக்கவழி. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். மூலிகை ஆவி, பிறகு உடம்பை அமுக்கிப் பிடித்துவிடுதல். அமுக்குதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்த ‘ஷாம்பு’ என்ற பெயரில்தான் அந்தச் சிகிச்சை புகழ்பெற்றது, தலைமுடிக்குத் தேய்ப்பது என்ற பொருள் பின்னால் வந்தது. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரண்டு மன்னர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். ஆங்கிலேயக் கடற்கரை என்ற ஏற்பாட்டில் ஆரம்ப காலத்திலேயே ஓர் இந்தியக் கை இருந்தது என்பதை இங்கே பலர் அறியமாட்டார்கள்.

இது வரைக்கும் எல்லாம் பணக்காரர் கதை. அடுத்து ரயில் வந்தது. லண்டன்–பிரைட்டன் பாதை 1841, பிளாக்பூல் பாதை 1846. ரயில்தான் ஏழைகளைக் கடலுக்குக் கொண்டுவந்தது என்று பாடப்புத்தகங்கள் முடித்துவிடும். அதற்கு முன்பே தேம்ஸ் நதி வழியாக நீராவிக் கப்பல்கள் லண்டன் கடைக்காரர்களையும் குமாஸ்தாக்களையும் கடலோர ஊரான மார்கேட்டுக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. கடலுக்குள் நீளும் கடற்பாலங்கள் வந்ததற்கும் அந்தக் கப்பல்களே காரணம். பிரிட்டனில் நீர் வற்றும்போது பல ஊர்களில் கடல் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும், கப்பல் கரைக்கு வர முடியாது. சவுத்எண்டில் சேறு ஒரு மைலுக்கு மேல் விரிந்து கிடக்கும், அதனால்தான் அங்கே கடற்பாலம் 2 கிலோமீட்டரைத் தாண்டி நீள்கிறது. இறங்குதுறையாகக் கட்டினார்கள். உலாவ வந்தவர்களிடம் நுழைவுக் காசு வாங்கலாம் என்பது பின்னால் பிடிபட்டது.

சரி, இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். லங்காஷயர் மில் ஊர்களில் ‘வேக்ஸ் வாரம்’ என்று ஒன்று இருந்தது. அடிப்படையில் அது அந்தந்த ஊர் தேவாலயத்தின் திருவிழா. திருவிழா நாட்களில் தொழிலாளிகள் எப்படியும் வேலைக்கு வருவதில்லை. முதலாளிகள் கொஞ்ச காலம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் போக்கில், ஊர் மில்கள் அனைத்தையும் ஒரே வாரம் மூடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். கொதிகலனைச் சுத்தம் செய்யவும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் அது வசதியாகவும் இருந்தது. அந்த வாரம் புகைபோக்கிகள் நின்றுவிடும். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகள் பளிச்சென்று தெரியும், ஆனால் பார்க்க ஊரில் ஆள் இருக்காது. தெருவே கிளம்பிப் பிளாக்பூல் போயிருக்கும்.

ஓல்டமுக்கு ஒரு வாரம், போல்டனுக்கு வேறு வாரம், பர்ன்லிக்கு இன்னொன்று என்று கோடை முழுவதும் முறைவைத்து நடந்தது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் எல்லா ஊரும் கிளம்பியிருந்தால் பிளாக்பூல் இரண்டு வாரம் திணறிவிட்டு மீதி மாதங்கள் ஈ ஓட்டியிருக்கும். மாறாக ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர் ஊர் இறங்கும், ஓர் ஊர் ஏறும். நிச்சயமான வருமானம். அதை நம்பித்தான் மூன்று கடற்பாலங்களும், 1885-இல் மின்சார டிராமும், 1894-இல் 158 மீட்டர் கோபுரமும் அங்கே எழுந்தன. பாரிஸில் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த மேயர் ஜான் பிக்கர்ஸ்டாஃபின் பிடிவாதத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு அடியில் நெசவாளர்களின் சில்லறைக் காசு இருந்தது.

அந்தக் காசு எப்படிச் சேர்ந்தது? அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே ஆண்டு முழுவதும் மில்லிலோ, தெருவிலோ, தேவாலயத்திலோ விடுமுறைச் சேமிப்புச் சங்கத்தில் வாரா வாரம் கட்டுவார்கள். அந்தச் சிறு அட்டைகளைக் கட்டுக் கட்டாக நான் அடுக்கியிருக்கிறேன். ஆறு பென்ஸ், ஆறு பென்ஸ், ஆறு பென்ஸ் என்று போய்க்கொண்டிருக்கும், இடையில் இரண்டு வாரம் வெறுமையாக இருக்கும், பிறகு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்ஸ், விழுந்திருக்கும். காய்ச்சலா, வேலை நிறுத்தமா, பிள்ளைக்குச் செருப்பா, அட்டை சொல்லாது. கடைசி வரியில் மொத்தமும் எடுக்கப்பட்டிருக்கும். மறுபடி முதல் வாரத்திலிருந்து ஆறு பென்ஸ்.

தங்குவதும் ஊரோடுதான். பர்ன்லிக்காரர்கள் பர்ன்லியிலிருந்து போய்க் குடியேறிய பெண்மணியின் வீட்டுக்கே ஆண்டுதோறும் போவார்கள். அந்த வீட்டுக்கார அம்மாள்களில் பலர் முன்னாள் மில் தொழிலாளிகள். வாடகை படுக்கைக்கு மட்டும். சாப்பாட்டுச் சாமானை விருந்தினரே வாங்கிக் கொடுக்க வேண்டும், அம்மாள் சமைத்துத் தருவார். ஒரே அடுப்பில் ஆறு குடும்பங்களின் ஆறு விதமான காலைச் சாப்பாடு. முட்டையில் பென்சிலால் பெயர் எழுதி வைப்பார்கள் என்று முதியவர்கள் பலர் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நான் கையில் எடுத்துப் பார்த்த ஒரு கணக்குப் புத்தகத்தில், படுக்கைக்கும் சுடுநீருக்கும் கீழே, மேசையில் உப்பு, மிளகுத்தூள், வினிகர் வைத்ததற்குத் தனியாகக் காசு போட்டிருந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போய்விட வேண்டும், மழையென்றாலும் மாலை வரை திரும்பக் கூடாது என்ற விதியும் பல வீடுகளில் இருந்தது. நீங்கள் பார்த்த கோட்டுக்காரர்களின் முன்னோர்கள் இவர்கள்தான். மழையில் கடற்கரையில் உட்காரும் கலை விருப்பத்தால் மட்டும் வந்ததல்ல, கதவு சாத்தியிருந்ததாலும் வந்தது.

ஆக, அவர்கள் கடலுக்காகப் போனார்களா? என் தீர்ப்பு, கடல் ஒரு சாக்கு. தறிச் சத்தத்தில் உதட்டசைவைப் பார்த்தே பேசிப் பழகிய மனிதர்கள், ஒரு வாரம், அதே பக்கத்து வீட்டாரோடு, அதே கிண்டலோடு, ஆனால் மேலாள் இல்லாமல் இருந்தார்கள். கோபுரத்தின் நடனக் கூடத்தில் மில் பெண்கள் அரண்மனை விளக்குகளுக்கு அடியில் ஆடினார்கள். இதை நான் நிரூபிக்க முடியாது. சேமிப்பு அட்டையில் மகிழ்ச்சிக்குக் கட்டம் கிடையாது. ஆனால் நான் பேட்டி கண்டவர்களில் கடலில் குளித்ததை நினைவாகச் சொன்னவர்கள் சொற்பம். ரயிலில் வரும்போது கோபுரத்தை முதலில் யார் பார்ப்பது என்ற போட்டியைச் சொல்லாதவர்கள் இல்லை.

சட்டம் இந்தக் கதையில் இரண்டு முறை நுழைகிறது. 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் ஆகஸ்டின் முதல் திங்கட்கிழமை உட்படச் சில நாட்களைத் தந்தது. அது ஒருநாள் பயணக் கூட்டத்தைப் பெருக்கியது. 1938-இல் சம்பளத்தோடு கூடிய விடுமுறைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் எல்லாருக்கும் ஒரு வாரம் கொடுத்துவிட்டது என்று எழுதுகிறார்கள், அது மிகை. சில தொழில்களுக்குக் கூலி நிர்ணயிக்கும் வாரியங்களுக்கு அதிகாரம் கொடுத்தது, அவ்வளவே. பெரும்பாலோர் தொழிற்சங்க ஒப்பந்தம் வழியாகத்தான் பெற்றார்கள். அடுத்த ஆண்டே போர். தெற்கு, கிழக்குக் கரைகளில் முள்கம்பியும் கண்ணிவெடியும் வந்தன, ஜெர்மானியர் இறங்கிவிடக் கூடாது என்று பல கடற்பாலங்களை நடுவில் வெட்டிவிட்டார்கள். உண்மையான பொற்காலம் போருக்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகள். பில்லி பட்லின் 1936-இல் ஸ்கெக்நெஸ்ஸில் திறந்த விடுமுறை முகாம் அப்போதுதான் நிரம்பி வழிந்தது. வீட்டுக்கார அம்மாள்களால் மழையில் வெளியே தள்ளப்பட்ட குடும்பங்களைப் பார்த்துத்தான் தனக்கு அந்த யோசனை வந்ததாக அவரே சொல்லிவந்தார். வியாபாரி சொன்ன கதை என்றாலும் நம்பத் தகுந்தது. இன்னொரு செய்தி: பிளாக்பூல் மணலில் சவாரி தரும் கழுதைகளுக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை ஓய்வு, மதியம் ஒரு மணி நேர இடைவேளை என்று நகராட்சி விதி உண்டு. முதுகில் ஏறிய பிள்ளைகளின் தகப்பன்களில் பலருக்கு அவ்வளவு தெளிவான ஒப்பந்தம் இருந்திருக்காது.

இனி வெயில். டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் ஒளிச் சிகிச்சைக்காக 1903-இல் நோபல் பரிசு பெற்றார். காசநோய்க்கும் எலும்பு மெலிவுக்கும் சூரிய ஒளி நல்லது என்ற நம்பிக்கை பரவியது. 1920, 30-களில் பழுப்பேறிய தோல் அழகாயிற்று. இதற்குப் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கோகோ ஷானெல் ஒருவரைக் காரணமாக்குவது சுவையான கதை, அதற்கு மேல் எடை போடாதீர்கள். பிரிட்டிஷ் கடற்கரைகளும் திறந்தவெளி நீச்சல் குளங்களைக் கட்டி வெயிலை விளம்பரம் செய்தன. அங்கேதான் தவறினார்கள் என்று எனக்குத் தோன்றும். வெயிலே சரக்கு என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதை அதிகம் வைத்திருப்பவன்தானே ஜெயிப்பான்? 1950-இல் விளாடிமிர் ரைட்ஸ் கோர்சிகாவுக்கு விமானம், கூடாரத் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு ஒரு தொகுப்புப் பயணம் விற்றார். இருபது ஆண்டுகளில் அது ஸ்பெயினுக்குப் போகும் பெருவெள்ளம் ஆயிற்று.

ஆனால் ஸ்பெயின் வந்தது, பிளாக்பூல் செத்தது என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்கமாட்டேன். 1970-களின் தொடக்கத்தில்கூட உள்நாட்டு விடுமுறைக் கூட்டம் பெரிதாகவே இருந்தது. வேறு சில கயிறுகளும் அறுந்தன. மில்கள் மூடின, அதோடு வேக்ஸ் வாரங்கள் கரைந்தன. நட்டமோடும் ரயில் பாதைகளை மூடச் சொன்ன 1963-இன் பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு கடலோரக் கிளைப் பாதைகள் பல எடுக்கப்பட்டன. கார் வந்ததும் காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்றாயிற்று. ஒரே குளியலறையை ஆறு குடும்பம் பகிர்ந்த வீட்டில் தங்க யாருக்கு மனம் வரும்? இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. பிறகு நடந்தது கசப்பானது. காலியான தங்கும் வீடுகள் மலிவு வாடகை அறைகளாயின. வேலையும் உடல்நலமும் இழந்தவர்கள் நாட்டின் பல பக்கங்களிலிருந்து அங்கே வந்து சேர்ந்தார்கள். ஆண்களின் ஆயுட்காலம் இங்கிலாந்திலேயே மிகக் குறைந்த ஊர்களில் பிளாக்பூல் முன்வரிசையில் நிற்கிறது. எஸ்ஸெக்ஸ் கரையில் உள்ள ஜேவிக், 2010, 2015, 2019 ஆகிய மூன்று அரசுப் பட்டியல்களிலும் நாட்டின் மிக நலிந்த பகுதியாக வந்தது. கடலோர ஊர்களின் உடல்நலம் பற்றியே தலைமை மருத்துவ அதிகாரி 2021-இல் தனி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நீங்கள் பார்த்த கடற்கரைக்கு இரண்டு தெரு பின்னால் போயிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் வருகிறார்கள்? பழக்கம் என்று நீங்கள் சொன்னது தவறில்லை, ஆனால் பழக்கத்துக்கும் உள்ளே ஏதாவது வேண்டும். பிரிட்டனில் எந்த இடமும் கடலிலிருந்து சுமார் 113 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. மணலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நாயையும் நடக்க முடியாத பாட்டியையும் அழைத்துக்கொண்டு, கடவுச்சீட்டு இல்லாமல் போகலாம். அங்கே போனால் அடுத்து என்ன நடக்கும் என்று மூன்று தலைமுறைக்கும் தெரியும். அப்பா கல்லால் தட்டித் துணித் தடுப்பின் கம்பை ஊன்றுவார், அது சாயும். பிளாஸ்கில் தேநீர், சாண்ட்விச்சில் மணல். திரும்பும்போது ஒரு குச்சி ‘ராக்’ மிட்டாய். அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கொதித்த சர்க்கரைப் பாகு இறுகும்போது நீளமான பட்டைகளாக்கி, பருமனான எழுத்துகளாக அடுக்குவார்கள். கோணமான எழுத்துகள் முதலில், ‘ஓ’ போன்ற வட்டங்கள் கடைசியில், ஏனென்றால் வட்டம் சூட்டில் அமுங்கிவிடும். வெள்ளை மிட்டாயால் சுற்றி, வெளியே இளஞ்சிவப்புப் போர்த்தி, ஆள் பருமனான அந்த உருளையை உருட்டி உருட்டி விரல் பருமனுக்கு இழுப்பார்கள். எங்கே கடித்தாலும் ஊர் பெயர் இருக்கும்.

கடைசியாக, மறுபடி போவதாக இருந்தால் இரண்டு விஷயம். நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பார்க்காமல் இந்த நாட்டின் எந்தக் கடற்கரையிலும் தூரம் போகாதீர்கள். தட்டையான மணலில் நீர் முன்னாலிருந்து மட்டும் வராது, பின்னாலிருந்த பள்ளங்கள் முதலில் நிரம்பிவிடும். 2016 ஆகஸ்டில் தெற்குக் கரையின் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில், லண்டனிலிருந்து போன இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள், அமைதியாகத் தெரிந்த கடலில் உயிரிழந்தார்கள். உயிர்காப்பாளர்கள் நிற்கும் இடத்தில், அவர்கள் நட்ட சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். இரண்டாவது, மழை பிடித்துக்கொண்டால் பிற்பகலில் கோபுரத்தின் நடனக் கூடத்துக்குள் போய் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். ஆர்கன் வாசிக்க, எழுபது எண்பது வயதுத் தம்பதிகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் காலைக் கவனியுங்கள். வெளியே வந்தபின் சிப்ஸ் பொட்டலத்தைத் திறந்தபடி நடக்க வேண்டாம். கடற்காகங்கள் பின்னாலிருந்துதான் வரும்.